சர்ச் காம்பவுண்டில் ஒரு வேலைக் கதவு... இளைஞர்களுக்குப் பயிற்சி, இன்டர்ன்ஷிப், கூடவே சில எச்சரிக்கைகள்!

மே, ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமைகளில் நாகர்கோவில், நாசரேத், பாளையங்கோட்டைப் பக்கம் எந்தத் தேவாலயத்துக்குப் போனாலும், ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களுக்கு வாசலில் ஒரு கேள்வி காத்திருக்கும். “புள்ள அடுத்து என்ன பண்ணுது?”

பிளஸ் டூ முடித்த பையனின் அம்மாவிடமும், டிகிரி முடித்து ஒரு வருஷமாகிவிட்ட பெண்ணின் அப்பாவிடமும் இதற்கு ஒரே பதில்தான் இருக்கும். “பாத்துக்கிட்டு இருக்கு.” இந்த ‘பாத்துக்கிட்டு இருக்கு’ சில வீடுகளில் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். சில வீடுகளில் மூன்று வருடம் நீளும். அந்த இடைவெளியில்தான் பிள்ளையின் தன்னம்பிக்கையும் பெற்றோரின் சேமிப்பும் ஒன்றாகக் கரையும்.

இப்படிக் காத்திருக்கும் பிள்ளைகளுக்காக ஜெபக்குறிப்பு எழுதிக்கொடுக்காத குடும்பம் குறைவு. ஆனால், அதே காம்பவுண்டுக்குள் ஐ.டி.ஐ., நர்சிங் பள்ளி, மாணவர் விடுதி, வாலிபர் ஐக்கியம் என்று வேலைக்கு இட்டுச்செல்லும் வழிகள் பல இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. கிறித்தவர் அல்லாத குடும்பங்களோ, ‘அது அவங்களுக்கானது’ என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். உண்மையில் திருச்சபைகள் நடத்தும் தொழிற்பயிற்சி நிலையங்களில் எல்லா மதத்துப் பிள்ளைகளும்தான் படிக்கிறார்கள்.

முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தம்

இன்று ‘இன்டர்ன்ஷிப்’, ‘அப்ரன்டிஸ்’ என்று நாம் பேசும் சங்கதிக்கும் தேவாலயத்துக்குமான உறவு பழையது. 19-ம் நூற்றாண்டின் நடுவில் இத்தாலியின் தூரின் நகரம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. கிராமங்களிலிருந்து வேலை தேடி வந்த சிறுவர்கள் கொத்து வேலைக்கும் பட்டறை வேலைக்கும் போனார்கள். தெருவில் தூங்கினார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். அவர்களுக்காகவே உழைத்தவர் டான் போஸ்கோ என்ற பாதிரியார். 1815-ல் பிறந்தவர். படிப்புச் செலவுக்காகத் தையல் கடை, காபிக் கடை என்று தானே வேலை பார்த்து வளர்ந்தவர்.

அவர் அந்தச் சிறுவர்களைச் சும்மா வேலைக்கு அனுப்பிவிடவில்லை. பட்டறை முதலாளியோடு எழுத்துபூர்வமாக ஒப்பந்தம் போட்டார். 1852 பிப்ரவரியில் ஒரு தச்சருடன் அவர் செய்துகொண்ட ஒப்பந்தம் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. முத்திரைத்தாளில் எழுதப்பட்ட அதில் முதலாளி, பையன், பையனின் தந்தை, டான் போஸ்கோ எல்லோரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். தொழிலை முழுமையாகக் கற்றுத்தர வேண்டும். தவறு செய்தால் வாயால் திருத்தலாம், கை நீட்டக் கூடாது. ஞாயிறும் திருநாள்களும் ஓய்வு. கூலி ஆண்டுக்கு ஆண்டு உயர வேண்டும். தொழிலோடு தொடர்பில்லாத வேலைகளைப் பையன் தலையில் கட்டக் கூடாது.

கடைசி நிபந்தனையை இன்னொரு முறை படியுங்கள். இன்டர்ன் பையனை டீ வாங்க அனுப்புவது 1852-லேயே பிரச்னையாகத்தான் இருந்திருக்கிறது!

அவர் தொடங்கிய சலேசிய சபையினர் 1906 ஜனவரியில் தஞ்சாவூருக்கு வந்தார்கள். இந்தியாவில் அவர்கள் முதலில் கால் பதித்த இடம் அதுதான். இன்று தமிழகத்தின் பல ஊர்களில் டான் போஸ்கோ பெயரில் தொழிற்பயிற்சி நிலையங்கள் இயங்குகின்றன. அவர்களுக்கு முன்பே தென் தமிழகத்தில் இந்த வேலை தொடங்கிவிட்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் அநாதைகளான பிள்ளைகளுக்குச் சோறு மட்டும் போட்டால் போதாது, கையில் தொழிலும் வேண்டும் என்று நினைத்த ஆங்கிலிக்கன் மிஷனரி ஆர்தர் மர்காஷிஸ், 1878-ல் நாசரேத்தில் தொழிற்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். நாகர்கோவில் பக்கத்துப் பெண்கள் கையில் லேஸ் பின்னல் வந்து சேர்ந்ததும் லண்டன் மிஷன் குடும்பப் பெண்கள் 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடத்திய வகுப்புகளால்தான். தலைச்சேரிக்கு அருகே நெட்டூரில் 1959-ல் சுவிட்சர்லாந்து திருச்சபைகளின் உதவியோடு தொடங்கிய என்.டி.டி.எஃப்., ‘டூல் அண்ட் டை’ தொழிலில் நாடு முழுக்கப் பெயர் வாங்கியது. பட்டியல் நீளும். இங்கே போதும்.

ஒரே கட்டடம், இரண்டு சான்றிதழ்

சரி, இன்றைக்கு வருவோம். திருச்சபை நடத்தும் பயிற்சி நிலையத்தில் பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. “முடிக்கும்போது கையில் என்ன சான்றிதழ் கொடுப்பீர்கள்?”

ஒரே கட்டடத்தில் இரண்டு வகைப் படிப்புகள் நடக்கலாம். ஒன்று, மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற ஐ.டி.ஐ. படிப்பு. ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், டர்னர் என்றால் இரண்டு வருடம். வெல்டர், பிளம்பர், கம்ப்யூட்டர் ஆபரேட்டர் என்றால் ஒரு வருடம். இதை முடித்தால் தேசிய தொழிற்சான்றிதழ் (என்.டி.சி.) கிடைக்கும். ரயில்வேயும் பொதுத்துறை நிறுவனங்களும் விண்ணப்பத்தில் கேட்பது இந்தச் சான்றிதழைத்தான். இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி இருக்கிறது. ‘ஐ.டி.ஐ. போனா அதோட முடிஞ்சுது’ என்ற பேச்சு பழங்கதை. வெல்டர் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பு தேர்ச்சியே போதும்.

இன்னொன்று, அந்த நிறுவனமே தன் பெயரில் தரும் சான்றிதழ். மூன்று மாதத் தையல், ஆறு மாத ஏ.சி. மெக்கானிக், செல்போன் பழுது, பியூட்டீஷியன், கணினிக் கணக்கு என்று பல இருக்கும். இவை மட்டம் என்று அர்த்தமில்லை. சொந்தமாகக் கடை வைக்க நினைக்கிறவருக்கும், உள்ளூரில் உடனே வேலைக்குப் போக வேண்டியவருக்கும் இதுதான் சரியான வழியாக இருக்கும். ஆனால், அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இது உதவாது. இரண்டு வருடம் கழித்து இது தெரியவரும்போது வருத்தப்பட்டுப் பலன் இல்லை.

பெற்றோர்கள் கோட்டைவிடும் இன்னொரு விஷயம், மாதம் 1,000 ரூபாய். தமிழக அரசின் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் கல்லூரிக்கு மட்டும் அல்ல, பாலிடெக்னிக்குக்கும் ஐ.டி.ஐ-க்கும் உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் இதில் வருகிறார்கள். பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டம் உதவிபெறும் பள்ளிகளுக்கு நீட்டிக்கப்பட்டது 2024 டிசம்பரில்தான் என்பதால் பலருக்கு இது போய்ச் சேரவில்லை. தமிழகத்தில் திருச்சபைகள் நடத்தும் பள்ளிகளில் கணிசமானவை அரசு உதவிபெறும் பள்ளிகள். 6-ம் வகுப்பிலிருந்து 12-ம் வகுப்பு வரை அங்கே தமிழ்வழியில் படித்த பிள்ளை, இந்தத் தொகையை விட்டுவிடத் தேவையில்லை.

அப்ரன்டிஸ் என்றால் சும்மா இல்லை

படிப்பு முடிந்தவுடன் வருவதுதான் பெரிய குழப்பம். ‘இன்டர்ன்ஷிப்’ என்ற சொல்லை இன்று யார் வேண்டுமானாலும் பயன்படுத்துகிறார்கள். சம்பளம் இல்லாமல் ஆறு மாதம் வேலை வாங்கும் நிறுவனமும் அதைத்தான் சொல்கிறது. 10,000 ரூபாய் கட்டினால் சான்றிதழ் தருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் வருகிறவரும் அதைத்தான் சொல்கிறார்.

ஆனால், ‘அப்ரன்டிஸ்’ என்பது சட்டத்தில் உள்ள சொல். 1961-ம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவிகிதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். எழுத்துபூர்வமான ஒப்பந்தம் உண்டு, அது பதிவு செய்யப்படும். பயிற்சியின்போது விபத்து நடந்தால் இழப்பீடு உண்டு. உதவித்தொகை கட்டாயம். 2019-ல் திருத்தப்பட்ட விதிகள், கல்வித்தகுதிக்கு ஏற்ப மாதம் 5,000 ரூபாயிலிருந்து 9,000 ரூபாய் வரை குறைந்தபட்சத் தொகையை நிர்ணயித்தன. இது குறைந்தபட்சம்தான், நிறுவனம் கூடுதலாகக் கொடுக்கத் தடையில்லை. பட்டம், டிப்ளோமா முடித்தவர்களுக்கு இதே ஏற்பாட்டைத் தென் மாநிலங்களில் கவனிப்பது சென்னை தரமணியில் இருக்கும் தொழில் பழகுநர் பயிற்சி வாரியம்.

2024 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் வேறு. நாட்டின் முன்னணி 500 நிறுவனங்களில் ஓராண்டு அனுபவம் தருவது அதன் நோக்கம். தொடங்கியபோது 21 முதல் 24 வயது வரை என்று வரம்பு வைத்தார்கள். மாதம் 5,000 ரூபாய், ஒருமுறை மட்டும் 6,000 ரூபாய். ஓராண்டு முடிந்ததும் வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்குக் கிடையாது. சென்னையில் அறை எடுத்துத் தங்க வேண்டிய கிராமத்துப் பிள்ளைக்கு 5,000 ரூபாய் எந்த மூலைக்கு என்பது நியாயமான கேள்விதான்.

தேவாலயம் உண்மையிலேயே உதவக்கூடிய இடம் இங்கேதான் வருகிறது. அது, தங்குமிடம்.

ஊரை விட்டு அனுப்பும் தைரியம்

1844 ஜூன் மாதம் லண்டனில் ஒய்.எம்.சி.ஏ-வைத் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸ் பாதிரியார் அல்ல. ஜவுளிக் கடை ஒன்றில் வேலை பார்த்த 22 வயது இளைஞர். கிராமத்திலிருந்து வந்து, நாள் முழுக்கக் கடையில் நின்று, கடைக்கு மேலேயே படுத்துக்கிடந்த தன்னைப் போன்றவர்களுக்காக நண்பர்களோடு சேர்ந்து அவர் ஆரம்பித்தது அது. தியாகராய நகர் ஜவுளிக் கடைகளில் வேலை பார்க்கும் தென்மாவட்டப் பிள்ளைகளைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்தக் கதை புதிதாகத் தோன்றாது.

சென்னைக்கு 1890-ல் ஒய்.எம்.சி.ஏ. வந்தது. 1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் அதன் பெயரில் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரிதான் இன்று நந்தனத்தில் இருப்பது. தமிழகப் பள்ளிகளுக்கு எத்தனையோ பி.டி. மாஸ்டர்களை அனுப்பிய இடம் அது. பெண்களுக்கான ஒய்.டபிள்யூ.சி.ஏ. அமைப்பு நகரங்களில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு விடுதிகள் நடத்துகிறது. கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதிகளும் ஏறக்குறைய எல்லா மாவட்டத் தலைநகரங்களிலும் உண்டு.

இந்த விடுதிகளை வெறும் கட்டில், சாப்பாடு என்று பார்க்கக் கூடாது. பெண்ணுக்குக் கோயம்புத்தூரில் அப்ரன்டிஸ் இடம் கிடைத்தும் ‘எங்க தங்குவா?’ என்ற ஒரே கேள்வியில் வாய்ப்பை விட்ட வீடுகள் எத்தனை! ‘சிஸ்டர் நடத்துற ஹாஸ்டல்’ என்றால் அப்பா சரி என்கிறார். அந்த ஒரு ‘சரி’யில் அவள் வாழ்க்கையின் திசையே மாறிவிடுகிறது. இரவு எட்டு மணிக்குக் கேட்டை மூடிவிடும் கண்டிப்பு சிலருக்கு எரிச்சலாக இருக்கும். ஷிப்ட் முறையில் வேலை என்றால் அது பெரிய தடையும்கூட. சேருவதற்கு முன்பே இரவு ஷிப்டுக்கு அனுமதி உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது. கேட்கத் தயங்கிச் சேர்ந்துவிட்டு, இரண்டாவது மாதம் வேலையா விடுதியா என்று திண்டாடுகிறவர்கள் அதிகம்.

மிக்ஸர் முன்னால் உட்கார்ந்த பையன்

கட்டணம், சான்றிதழ், விண்ணப்பம் எதுவும் இல்லாமல் நடக்கும் பயிற்சி ஒன்றும் தேவாலயத்துக்குள் இருக்கிறது. அதை யாரும் பயிற்சி என்று சொல்வதில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் தேவாலயங்கள் பூட்டப்பட்டன. ஆராதனையை யூடியூபில் நேரலையாக அனுப்ப வேண்டிய கட்டாயம். போதகருக்கும் பங்குத்தந்தைக்கும் அது தெரியாது. வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள்தான் செல்போனை ஸ்டாண்டில் மாட்டினார்கள். பிறகு கேமரா வந்தது, இரண்டாவது கேமரா வந்தது, ஓ.பி.எஸ். வந்தது (அரசியல்வாதி இல்லை, நேரலைக்கான இலவச மென்பொருள்). ஆடியோ மிக்ஸரில் எந்த மைக்கை ஏற்ற வேண்டும், எதை இறக்க வேண்டும், கீறிச்சிடும் சத்தம் வந்தால் என்ன செய்வது என்று தவறு செய்து செய்தே பழகினார்கள். கல்யாண நேரலை, கல்லூரி விழா, செய்தி சேனல் என்று எல்லா இடத்திலும் கூலி கிடைக்கும் கைத்தொழில் இது.

பாடகர் குழுவும் அப்படித்தான். நான்கு குரலில் பாடவும், மேற்கத்திய இசைக்குறிப்பைப் பார்த்தவுடன் வாசிக்கவும் காசு வாங்காமல் கற்றுத்தரும் இடம் தமிழ்நாட்டில் வேறு எங்கே இருக்கிறது? ஞாயிறு பள்ளியில் பத்து வயதுப் பிள்ளைகள் 20 பேரை ஒரு மணி நேரம் உட்கார வைத்துக் கதை சொன்ன பெண்ணுக்கு, பி.எட். பயிற்சி வகுப்பில் கால் நடுங்காது. திருநெல்வேலிப் பக்கத்து அசன விழாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே நாளில் சாப்பாடு. அரிசி, கறி, காய்கறி கொள்முதல், வசூல் கணக்கு, பந்தி வரிசை, தண்ணீர், குப்பை... இதில் பாதி வேலையை இழுத்துப்போட்டுச் செய்கிறவர்கள் 25 வயதுக்குட்பட்டவர்கள்.

ஆனால், வேலைக்கான சுயவிவரத்தில் இவர்கள் எழுதுவது என்ன? ‘ஆர்வங்கள்: இசை கேட்பது, கிரிக்கெட்.’ அசனத்துக்குக் கொள்முதல் பார்த்ததை, ‘3 ஆண்டுகள் தேவாலய விழாவுக்குக் கொள்முதல் மற்றும் கணக்குப் பொறுப்பு’ என்று ஒரு வரி எழுதத் தோன்றுவதில்லை. நேர்காணலில் ‘நெருக்கடியைச் சமாளித்த அனுபவம் சொல்லுங்கள்’ என்றால் விழிக்கிறார்கள். சாம்பார் தீர்ந்துபோன பந்தியைச் சமாளித்ததைவிடப் பெரிய நெருக்கடி ஏது?

இதற்கு மறுபக்கமும் உண்டு. நன்றாக எடிட்டிங் தெரிந்த பையனை வாரம் நான்கு நாள், வருடக்கணக்கில், ‘ஊழியம்’ என்று சொல்லி இலவசமாக வேலை வாங்குவது நியாயம் இல்லை. விருப்பத்தோடு செய்யும் சேவைக்கு ஞாயிற்றுக்கிழமை போதும். அதற்கு மேல் போனால் அது வேலை. வேலைக்குக் கூலி உண்டு. இதைச் சபைக் கமிட்டியில் எழுந்து கேட்கப் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். பெரியவர்கள்தான் கேட்க வேண்டும். கணிசமான தொகையாக இல்லாவிட்டாலும், போக்குவரத்துக்கும் டேட்டாவுக்கும் கொடுக்கலாம். ஒரு நல்ல மென்பொருள் பயிற்சிக்குக் கட்டணம் கட்டலாம். குறைந்தபட்சம், என்ன வேலை, எத்தனை மாதம் செய்தார் என்று தெளிவாக எழுதிய அனுபவச் சான்றிதழாவது தரலாம். ‘நன்னடத்தை உடையவர்’ என்ற வழக்கமான கடிதத்தால் எந்த முதலாளிக்கும் எதுவும் புரியாது.

பரிந்துரைக் கடிதம் எது, ஸ்பான்சர் எது?

மருத்துவத்துறைக்குப் பிள்ளையை அனுப்ப நினைக்கும் குடும்பங்களில் ஒரு தவறான நம்பிக்கை சுற்றிக்கொண்டிருக்கிறது. வேலூர் சி.எம்.சி-யில் ‘சர்ச் கோட்டா’ இருக்கிறது, நம்ம ஐயரிடம் கடிதம் வாங்கினால் போதும் என்பது அது.

1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய அந்த மருத்துவமனை 1909-ல் நர்சிங் பள்ளியையும், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் ஆரம்பித்தது. அங்கே திருச்சபை அமைப்புகளின் ஸ்பான்சர் முறை இருப்பது உண்மை. ஆனால், ஸ்பான்சர் செய்ய முடிவது கல்லூரியோடு தொடர்பில் உள்ள திருமண்டலங்களும் மிஷன் அமைப்புகளும்தான். உள்ளூர்ப் போதகரின் கடிதம் அல்ல. நீட் மதிப்பெண்ணும் வேண்டும். முக்கியமாக, அது சலுகை என்பதைவிடக் கடன் என்பதே சரி. எம்.பி.பி.எஸ். முடித்ததும் ஸ்பான்சர் செய்த அமைப்பு சொல்லும் இடத்தில் இரண்டு ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். அந்த இடம் வடமாநிலக் கிராமமாக இருக்கலாம், மலைப்பகுதியாக இருக்கலாம். ‘சீட் மட்டும் வேணும், அங்கெல்லாம் போக மாட்டோம்’ என்கிறவர்கள் இந்தப் பக்கம் வராமல் இருப்பதே நல்லது. போய் வந்த மருத்துவர்களோ, வேலை கற்றதே அங்கேதான் என்பார்கள்.

எம்.பி.பி.எஸ். மீதே எல்லோருக்கும் கண். லேப் டெக்னீஷியன், ரேடியாலஜி, டயாலிசிஸ், மருத்துவ ஆவணப் பதிவு போன்ற படிப்புகள் மிஷன் மருத்துவமனைகளில் பல இடங்களில் இருக்கின்றன. போட்டி குறைவு, வேலை நிச்சயம் என்று சொல்லும் அளவுக்குத் தேவை அதிகம்.

கதவு எல்லோருக்கும் ஒரேமாதிரி திறக்கிறதா?

இந்தக் கேள்வியைத் தொடாமல் போனால் கட்டுரை பாதிதான். திருச்சபை நிறுவனங்களில் இடமும் வேலையும் யாருக்குக் கிடைக்கின்றன என்பதில் சாதிக்கும், திருமண்டலத் தேர்தல் அரசியலுக்கும், பணத்துக்கும் பங்கிருப்பதாகப் பல ஆண்டுகளாகப் புகார்கள் எழுந்துகொண்டேதான் இருக்கின்றன.

இதில் அதிகம் அடிபடுவது தலித் கிறித்தவ இளைஞர்கள். 1950-ம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி அந்தஸ்தை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். 2022-ல் இதை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டப்பேரவை இவர்களுக்குப் பட்டியல் சாதி அந்தஸ்து கோரித் தீர்மானம் போட்டது. சட்டம் எப்போது மாறுமோ, தெரியாது. ஆனால், மத்திய அரசின் வேலைவாய்ப்பில் அந்த ஒதுக்கீடு இல்லாத பிள்ளைக்குத் தன் சொந்தத் திருச்சபையின் ஐ.டி.ஐ-யிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு முக்கியம் என்பதை யோசித்துப் பாருங்கள். அந்தக் கதவும் மூடினால் அவர் எங்கே போவார்? சேர்க்கைப் பட்டியலையும் கட்டணச் சலுகை பெற்றவர்கள் எண்ணிக்கையையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லிச் சபையார் கேட்கலாம். கேட்பதற்குச் சட்டம் எதுவும் திருத்த வேண்டியதில்லை.

அறிவிப்பு நேரத்தில் வரும் ஆபத்து

ஆராதனை முடிவில் அறிவிப்புகள் வாசிப்பார்கள். திருமண அறிக்கை, காணிக்கைக் கணக்கு... இடையில், ‘வெளிநாட்டு வேலை, விவரங்களுக்கு இந்த சகோதரரை அணுகவும்.’ பீடத்தருகே இருந்து வரும் குரல் என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஏமாற்றுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு, மியான்மரில் அடைத்துவைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட தமிழக இளைஞர்கள் சிலர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டு வந்தார்கள். அதற்குப் பிறகும் இதே பாணியில் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் முகவர் மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பட்டியல் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறது. பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், கூடவே ஜி.எஸ்.டி. ‘இரண்டு லட்சம் கட்டு, டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்றால், பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். தமிழக அரசே நடத்தும் அயல்நாட்டு மனிதவள நிறுவனமும் 1978 முதல் இயங்குகிறது.

கடற்கரைப் பங்குகளில் இன்னொரு வகை உண்டு. தூத்துக்குடி, கன்னியாகுமரி பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கப்பல் வேலை என்றால் தனி ஈர்ப்பு. ஜி.பி. ரேட்டிங் என்ற ஆறு மாதப் பயிற்சியைக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த நிலையத்தில் மட்டுமே படிக்க வேண்டும். கப்பலில் ஏற்றிவிடும் முகவரிடம் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்க வேண்டும். வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் அவர் காசு வாங்கவே கூடாது என்பது விதி. படகை விற்று, நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கொடுக்கும் குடும்பங்களுக்கு இந்த விதியைச் சொல்ல ஆள் இல்லை. சொல்ல ஏற்ற இடம் அதே அறிவிப்பு மைக்தான்.

சில பங்குகளில் இளைஞர் குழுவே இந்த வேலையை எடுத்துச் செய்யலாம். பெல்ஜியம் பாதிரியார் ஜோசப் கார்டைன் 1925 வாக்கில் ஆலைத் தொழிலாளிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இளம் தொழிலாளர் இயக்கம், தமிழகப் பங்குகளில் பல தலைமுறை இளைஞர்களைத் தொட்டிருக்கிறது. பார், ஆராய், செயல்படு என்பது அதன் முறை. வேலை விளம்பரம் எது வந்தாலும் இரண்டு பேர் அதை எடுத்து, பதிவு எண்ணைத் தேடி, கொடுத்த முகவரிக்குப் போன் போட்டுப் பார்த்த பிறகே அறிவிப்புத் தாளில் சேர்ப்பது என்று முடிவு செய்தால், ஒரு சனிக்கிழமை மாலை போதும். ஐ.டி.ஐ. சேர்க்கை விண்ணப்பம், அப்ரன்டிஸ் பதிவு, புதுமைப்பெண் விண்ணப்பம் எல்லாம் இப்போது ஆன்லைன்தான். சபை அலுவலகத்தில் ஏற்கெனவே கம்ப்யூட்டர் இருக்கிறது, ஞாயிறு மதியம் அது சும்மாதான் கிடக்கிறது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அடுத்த ஞாயிறே அதைத் திறந்து வைத்தால், விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முன்பே பிள்ளைகள் வரிசையில் வந்துவிடுவார்கள்.